மணிக்கு அறுபத்தெட்டு, முன் சீட்டில் எழுபத்தொன்று

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் புருஷன் தன்னை வெளியே கூட்டிக்கொண்டு போன நாள்களை யோகேஸ்வரி ஒரு கையில் எண்ணிவிடுவாள். அதிலும் இரண்டு விரல் மிஞ்சும். கமலநாதன் கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கியூசி, அதாவது தரச் சோதனை, சூப்பர்வைசர். விடிவதற்கு முன்னால் உலு திராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது தூங்குவதற்காகவே ஏற்பட்டது. பாலோவில் இருக்கும் தங்கை செல்வராணி வீட்டுக்குக்கூட யோகேஸ்வரி பஸ்ஸில்தான் போய் வந்தாள்.

போன வருடம் மனிதர் ஓய்வு பெற்றார். இனியாவது நாலு இடம் போகலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, கையில் வந்த காசில் நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு பழைய டீசல் போர் வீல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பழைய பிரிட்ஜைப் படுக்கவைத்துச் சக்கரம் மாட்டியதுபோல ஒரு வண்டி. முன்பக்கம் சுவர், பின்பக்கம் சுவர், வளைவு நெளிவு என்று மருந்துக்கும் கிடையாது. காட்டில் மேட்டில் ஏறுமாம், ஆற்றில் இறங்குமாம். உலு திராமில் அது ஏறியது பேரங்காடியின் கார் நிறுத்துமிடம் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா டீசல் விலை ஏற வேண்டும்? போர் வீல் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் பதினெட்டுப் பேர். அத்தனை பேரின் முகமும் தொங்கிப் போயிற்று. எந்த வேகத்தில் ஓட்டினால் எண்ணெய் மிச்சம் என்று வாட்ஸ்அப்பில் சண்டை மூண்டது. சங்கத் தலைவர் தேவானந்தன், சாலை இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பது என்றார். ஒருவர் தொண்ணூறு என்றார். இன்னொருவர், எதுவாக இருந்தாலும் வண்டி பெட்டி மாதிரி இருப்பதால் காற்று பிடித்துக்கொள்ளும், வீட்டில் நிறுத்திவைப்பதே மிச்சம் என்று எழுதி, இரண்டு நாள் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். கமலநாதன் மட்டும், "ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்ல வேணாம். நான் அளந்து சொல்றேன்" என்று ஒரு வரி போட்டார்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"யோகா, கிளம்பு. பத்து பாகாட் வரைக்கும் போயிட்டு வருவோம்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள். "நானா?"

"நீதான். சீக்கிரம்."

பத்தே நிமிடத்தில் அவள் மாம்பழ நிறச் சேலை கட்டி, தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு தயாராகிவிட்டாள். வீட்டைப் பூட்டும்போது பக்கத்து வீட்டு மலர், "என்னக்கா, ஜாலான் ஜாலானா, ஊர் சுத்தவா?" என்று கேட்டாள். "ஆமா லா, அவருதான் கூப்பிட்டாரு" என்று சொன்னபோது யோகேஸ்வரிக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஐம்பத்தாறு வயதில் என்ன வெட்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்படி ஒன்பது ஞாயிறு. உலு திராமில் எப்போதும் ஒரே எண்ணெய் நிலையம், அதில் மூன்றாம் நம்பர் பம்பு மட்டும். டேங்கின் கழுத்து வரை டீசல் ஊற்றி, வண்டியை இரண்டு பேர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறியதும் மறுபடி ஊற்ற வேண்டும். பம்புக்காரப் பையன்கள் முதல் வாரம் முறைத்தார்கள். மூன்றாம் வாரம் வண்டியைப் பார்த்ததுமே ஓடி வந்து ஆட்ட ஆரம்பித்தார்கள். பிறகு பழைய சாலை வழியாகக் கூலாய், சிம்பாங் ரெங்கம், ஆயர் ஈத்தாம், பத்து பாகாட். அங்கே ஒரு கடையில் சாப்பாடு, அதே வழியில் திரும்பல், அதே பம்பில் மறுபடி ஆட்டல்.

ஒரு வாரம் அறுபது, ஒரு வாரம் அறுபத்தைந்து, ஒரு வாரம் எழுபது என்று மனிதர் முள்ளை அசையவிடாமல் ஓட்டினார். செம்பனைக் குலை ஏற்றிய லோரி முந்திற்று. பள்ளிக்கூட பஸ் முந்திற்று. ஒரு நாள் சவ வண்டி ஒன்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது. பின்னால் வருகிறவர்கள் கையை வெளியே நீட்டிக் காட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கமலநாதன் எதற்கும் அசரவில்லை.

யோகேஸ்வரியும்தான் அசரவில்லை. காரணம், மனிதர் பேசினார். வீட்டில் நாளொன்றுக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், வண்டியில் ஓயாமல் பேசினார். "பாரு, இப்ப ஆயிரத்து அறுநூறு ஆர்பிஎம். இந்த மேட்டுல கால அழுத்தக் கூடாது. இப்ப பாரு, எறக்கம்." ஒரு விரலைத் தூக்கித் தூக்கிச் சொல்வார். அவளுக்கு ஒன்றும் புரியாது. புரிந்து என்ன ஆகப்போகிறது? தன்னிடம் பேசுகிறாரே, அது போதாதா? வழியெல்லாம் உம் கொட்டிக்கொண்டே வந்தாள்.

குறை ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்தது. ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு பச்சைப் பூச்சட்டி மேல் அவளுக்கு ஆசை. "திரும்பி வர்ற வழியில வாங்கலாமா?" என்று கேட்டால், "வேணாம் வேணாம்" என்று பதறுவார். கஞ்சத்தனம் என்று விட்டுவிட்டாள். ஆயர் ஈத்தாமில் குளுவாங் பக்கம் திரும்பினால் பாலோ. "செல்வராணியை ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாங்க" என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். "ரூட் மாறக் கூடாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் தேறுதலும் இருந்தது. இரண்டாம் ஞாயிற்றுக்கு முன்பு முள் ஆடுகிற எடை இயந்திரம் ஒன்று வாங்கி வந்து, ஒவ்வொரு வாரமும் கிளம்புவதற்கு முன்னால் அவளை அதில் ஏறி நிற்கச் சொன்னார். அவளுக்கு இனிப்பு நீர் வியாதி உண்டு, எடை ஏறக் கூடாது. "அத்தான் உன்ன இவ்வளவு கவனிக்கிறாரா?" என்று செல்வராணி போனில் வாய் பிளந்தாள். யோகேஸ்வரிக்கு அன்றைக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிட்டது.

பத்தாவது ஞாயிறு பயணம் இல்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் சங்கக் கூட்டம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கமலநாதன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தொலைக்காட்சிப் பெட்டியில் தன் கண்டுபிடிப்பைக் காட்டினார். கோடு ஏறி இறங்கியது. அறுபத்தெட்டில் நூறு கிலோமீட்டருக்கு எட்டுப் புள்ளி ஒன்பது லிட்டர். அதற்குக் கீழே போனாலும் கூடுகிறது, மேலே போனாலும் கூடுகிறது. பதினெட்டுப் பேரும் மந்திரம் கேட்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்.

"வண்டியில இருந்த எடை" என்று அடுத்த படத்தைத் தட்டினார். ஆளுயர எழுத்தில் வந்து நின்றது.

ஸ்பேர் டயர்: 28 கிலோ. தண்ணீர்: 10 கிலோ. ஜாக்கி: 6 கிலோ. மனைவி: 71 கிலோ.

யோகேஸ்வரி மோர்மிளகாயைக் கடித்த வாயோடு உறைந்துபோனாள். பக்கத்தில் இருந்த தேவானந்தனின் மனைவி சுகந்தினி மெல்லக் குனிந்து, "அக்கா, ஜாக்கிக்குக் கீழ போட்டிருக்கிறது உங்களையோ?" என்று கேட்டாள். அவள் பாவம், கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

தேவானந்தன் கையைத் தூக்கினார். "ஒன்பது கிழமையும் ஒரே எடையோ? மனுசருக்கு அப்படி இராதே."

"சந்தேகமே வேணாம் சார். முதல் வாரம் கிளினிக் சீட்டைப் பார்த்து எழுதினேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் கெளம்புறதுக்கு முன்னாடி நானே ஏத்தி நிறுத்திப் பார்த்தேன். எழுபத்தொண்ணு, எழுபத்தொண்ணு, எழுபத்தொண்ணு. முள்ளு அசையல" என்றார் கமலநாதன், பெருமை பொங்க. "வழியில எதுவும் வாங்கவும் விடல."

பூச்சட்டி அவள் நினைவுக்கு வந்தது. இனிப்பு நீர் வந்தது. மாம்பழ நிறச் சேலை வந்தது. ஒன்பது வாரமும் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு ஒரு ஜாக்கியாகப் போய் வந்திருக்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எல்லார் முன்னாலும் அழக் கூடாது என்று ரசத்தைக் குடித்துச் சமாளித்தாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. எழுபத்தொன்று என்பது கிளினிக் சீட்டில் இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய எடை. இயந்திரம் வந்த அன்று அதில் ஏறி நின்றவள், முள் எழுபத்தைந்தைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துப் பதறி, பக்கத்தில் இருந்த அலமாரியில் விரலை ஊன்றினாள். எந்தப் பெண்தான் ஊன்ற மாட்டாள்? முள் பணிவாக எழுபத்தொன்றுக்கு இறங்கியது. ஒருமுறை காட்டிய பிறகு அடுத்த வாரமும் அதையேதான் காட்டியாக வேண்டும். முள்ளைக் குனிந்து பார்த்த மனிதர் ஒரு நாளாவது நிமிர்ந்து அவள் கையைப் பார்க்கவில்லை. அவர் இல்லாதபோது தனியாக ஏறிப் பார்த்திருந்தாள்; அவளுடைய உண்மையான எடை எழுபத்தெட்டு. இத்தனை அவமானத்திலும், நல்ல வேளை, அந்த எண்ணைப் போடவில்லை என்று ஒரு சின்ன நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். "என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"ஆள் ஏறாத வண்டிய டெஸ்ட் பண்ணா கணக்கு நெசமா வராது."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?" என்றார் கமலநாதன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. முப்பது வருடம் கியூசியில் இருந்தவர். ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றிரவு அவள் தூங்கியிருப்பாள்.

தேவானந்தன் லேசில் விடுகிறவர் இல்லை. அறுபத்தெட்டு என்று சங்க வண்டி எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவதென்றால், தன் கண் முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும், தான் மனைவியோடு பின்னாலேயே வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். கமலநாதன் ஸ்டிக்கரை அச்சடிக்கவே கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு என்று முடிவானது.

அந்த ஞாயிறு காலை கமலநாதன் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது வண்டியின் முன் இருக்கையில் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஏழு அடுக்கியிருந்தது. உச்சியில் ஒரு கிலோ சீனிப் பொட்டலம். சீட் பெல்ட்டும் போட்டிருந்தது. முந்தின நாளே மலரின் காரில் போய் வாங்கி வைத்து, விடிகாலையில் யோகேஸ்வரி ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றியிருந்தாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

"எழுபத்தொண்ணு. எண்ணிக்கோங்க" என்றாள்.

மனிதர் திகைப்பார், கோபப்படுவார், குறைந்தபட்சம் 'நீ வரலையா?' என்றாவது கேட்பார் என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமலநாதன் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

"இது இன்னும் நல்லது யோகா. நகராது" என்று சொல்லிவிட்டு, தேவானந்தனுக்குக் காத்திருக்கப் பம்புக்கு வண்டியைக் கிளப்பினார்.

அவள் ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு, மலரை லார்க்கின் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடச் சொல்லி, குளுவாங் பஸ் ஏறினாள். அது பழைய சாலை வழியாகப் போகிற பஸ். சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் வேகம் குறைந்தது. முன்னால் ஏழெட்டு வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பஸ் டிரைவர், "அலமாக், இந்தப் பெட்டி ஒவ்வொரு வாரமும் வந்துடுது" என்று மலாயில் திட்டினார். அவளுக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

சாலை அகன்ற இடத்தில் பஸ் ஒவ்வொன்றாக முந்திற்று. தேவானந்தனின் வண்டி போயிற்று, உள்ளே சுகந்தினி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்தது அவர்கள் வண்டி. உயரத்தில் இருந்து குனிந்து பார்த்தாள். கமலநாதன் பேசிக்கொண்டிருந்தார். முன் இருக்கைப் பக்கம் லேசாகத் திரும்பி, ஒரு விரலைத் தூக்கி, மேட்டைக் காட்டி, அதே முகத்தோடு, அதே சந்தோஷத்தோடு அரிசி மூட்டைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உம் கொட்டுவதற்குக்கூட ஆள் தேவைப்படவில்லை. ஒன்பது வாரமும் அவர் யாரிடம் பேசினார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்த மலாய்க்கார அம்மாள் கேட்காமலே ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினாள்.

பாலோவில் செல்வராணி நெத்திலி சம்பலும் முருங்கைக்கீரையும் செய்திருந்தாள். கதையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். சாப்பிட்டுக் கை கழுவும் நேரம் போன் அடித்தது. கமலநாதன். பின்னால் பாத்திரச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டன. சங்கம் கூடும் சாப்பாட்டுக் கடையின் மாடிதான்.

"யோகா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் இருக்காங்க. நீ எத்தனை மூட்டை வெச்ச?"

"ஏழு. மேல ஒரு கிலோ சீனி. நீங்கதான் எண்ணுனீங்களே."

"அதான் நானும் சொல்றேன். ஆனா இன்னைக்கு எட்டுப் புள்ளி ஆறு வந்திருக்கு. உன்னோட போனப்ப எட்டுப் புள்ளி ஒன்பது. அரிசி உன்னவிட நல்லா ஓடுது" என்றார். அவர் குறை சொல்லவில்லை. கணக்கைச் சொன்னார்.

தேவானந்தனின் குரல் குறுக்கிட்டது. "அப்படிச் சொன்னால் காணாது. அதே வேகம், அதே வழி, அதே எடை. வித்தியாசம் எங்கால வந்தது? காரணம் தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அதுக்குத்தான் போன் பண்ணேன் யோகா. ஸ்டிக்கரெல்லாம் வந்துடுச்சு. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுபத்தொன்று அப்படியே நிற்கும், மானமும் நிற்கும், இந்த மனிதர் அடுத்த வாரம் அரிசியோடு ஊர்வலம் போவார். சங்கமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. யோகேஸ்வரி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"நான் எழுபத்தொண்ணு இல்லைங்க. எழுபத்தெட்டு."

மறுமுனையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

"எடை பார்க்குறப்ப அலமாரியில கையை ஊனிக்குவேன். நீங்க முள்ளை மட்டும்தானே பார்த்தீங்க."

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள், சுகந்தினியாகத்தான் இருக்க வேண்டும். கமலநாதன் சிரிக்கவில்லை. பேசியபோது அவர் குரல், தொழிற்சாலையில் ஒரு லோரி நிறையச் சரக்கை நிராகரித்த அன்று வீட்டில் ஒலித்ததுபோல இருந்தது. "அப்ப ஒன்பது வாரக் கணக்கும் தப்பு. எல்லாத்தையும் மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணும்." "யோகா, அடுத்த ஞாயிறு வர்றியா?"

"வர்றேன்" என்றாள். செல்வராணி அவள் தோளைக் கிள்ளினாள். "ஆனா நான் எடை பார்க்க மாட்டேன். இனிமே எப்பவும் ஏறி நிக்க மாட்டேன்."

"எடை தெரியாம எப்படி யோகா? எடை தெரியாட்டி உன்னக் கூட்டிட்டுப் போயி என்ன…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். லைன் போய்விட்டதா என்று செல்வராணி ஜாடையில் கேட்டாள். போகவில்லை.

"சரி" என்றார் கடைசியில். "சுமாரா எழுபத்தெட்டுன்னு எழுதிக்கவா?"

சுமாராக என்ற சொல்லை அந்த மனிதரின் வாயிலிருந்து அவள் முப்பத்தொரு வருடத்தில் கேட்டதில்லை. ஆனாலும் அவள் இறங்கி வரவில்லை.

"எழுதவே கூடாது" என்றாள் யோகேஸ்வரி.